தைராய்டு மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை? வாசகர் கேள்விகளுக்கு மருந்தாளுநர் பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் தைராய்டு மாத்திரை பற்றியவைதான் அதிகம். எல்லாமே லெவோதைராக்சின் என்ற ஒரே மருந்தைச் சுற்றித்தான். தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்காதபோது அந்தக் குறையை ஈடுகட்டத் தருவது இது. அந்தக் குறையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைதான் டி.எஸ்.எச்., தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது ஏறும். அதிகமாகச் சுரப்பவர்களுக்குத் தரும் கார்பிமசோல் வேறு மருந்து, அதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒரு வேண்டுகோள், இதைப் படித்துவிட்டு உங்கள் அளவை நீங்களே கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 44. தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்து 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார்கள், அப்புறம் 75, பிறகு 100, இப்போது 125. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. காலையில் எழுந்ததும் பால் தேத்தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிடுவேன். பசியாறியதும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும். இருந்தும் டி.எஸ்.எச். இறங்க மாட்டேன் என்கிறது, களைப்பும் முடி கொட்டுவதும் அப்படியே இருக்கின்றன. மாத்திரை சரியில்லையா, என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? — வாசகி, செந்தூல்

பதில்: சகோதரி, மாத்திரையும் சரி, உங்கள் உடம்பும் சரி. அந்த மாத்திரை உங்கள் ரத்தத்துக்குள் போய்ச் சேரவில்லை, அதுதான் சிக்கல். நீங்கள் கேள்விக்குள்ளேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள், பால் தேத்தண்ணீர், இரும்புச்சத்து, கால்சியம் மூன்றும் இருக்கின்றனவே.

லெவோதைராக்சின் வெறும் வயிற்றில் போனால் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதம்தான் உறிஞ்சப்படும், அதுவே நல்ல நிலை. வயிற்றில் பாலும் கால்சியமும் இரும்பும் இருந்தால் அவை மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, குடல் அதை எடுக்க முடியாமல் அது வீணாக வெளியேறிவிடுகிறது. இந்த மாத்திரை மில்லிகிராம் கணக்கில் வருவதில்லை, மைக்ரோகிராம் கணக்கு, அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவில் கொஞ்சம் குறைந்தாலும் டி.எஸ்.எச். அதைக் காட்டிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். எழுந்ததும் வெறும் தண்ணீரோடு மாத்திரை. பிறகு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், வேறு எதுவும் வேண்டாம். தேத்தண்ணீர், கோப்பி, மைலோ, சோயா பால் எல்லாம் அதற்குப் பிறகுதான். கோப்பி ஓ குடித்தால் பரவாயில்லையா, அதில் பால் இல்லையே என்று இன்னொரு வாசகி கேட்டிருந்தார். பால் இல்லாவிட்டாலும் கோப்பியே உறிஞ்சுதலைக் குறைக்கும், ஆகவே அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், அதனால் அவற்றை மதியச் சாப்பாட்டுக்கோ இரவுக்கோ தள்ளிவிடுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை நிற கேஸ்ட்ரிக் திரவ மருந்துக்கும் அதே நான்கு மணி நேரம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலைத் தினமும் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், வயிற்று அமிலம் குறைந்தாலும் தைராய்டு மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள், இதைச் சொல்லத்தான் உங்கள் கேள்வியை முதலில் எடுத்தேன். உங்களுக்கு 125 கொடுத்தது, மருந்தில் ஒரு பகுதி வீணாகிக்கொண்டிருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து. நாளையிலிருந்து சரியாகச் சாப்பிட ஆரம்பித்தால் அந்த 125-ல் இன்னும் கூடுதலாக உள்ளே போகும், அது உங்களுக்கு அதிகமாகிவிடலாம். சுரப்பி சுத்தமாக வேலை செய்யாத ஒருவருக்கே பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம்தான் கணக்கு, 60 கிலோ இருப்பவருக்கு அது ஏறக்குறைய 100 வரும். நீங்கள் எடையை எழுதவில்லை, அதனால் உங்கள் அளவு என்னவாக இருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மாற்றிச் சாப்பிடத் தொடங்குவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்து, இத்தனை நாளும் தேத்தண்ணீரோடு சாப்பிட்டேன், இனி தண்ணீரோடு சாப்பிடப் போகிறேன் என்று அப்படியே சொல்லுங்கள். அவர் அளவைக் குறைத்துக் கொடுக்கலாம், அல்லது அதே அளவில் வைத்து ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லலாம். நடுவில் படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத வியர்வை, தூக்கமின்மை வந்தால் அந்த எட்டு வாரத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து, சரியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஐந்து நிமிடம் மட்டுமே கிடைக்கும் அரசாங்க கிளினிக்கில் அப்படிச் சொல்லிவிடத் தோன்றுவதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதிலை நம்பித்தான் அவர் அடுத்த அளவை எழுதுகிறார்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை எனக்கு. சில நாள் பகல் ஷிப்ட், சில நாள் இரவு ஷிப்ட், ஒவ்வொன்றும் 12 மணி நேரம். "காலையில் வெறும் வயிற்றில்" என்று மருந்துப் பையில் எழுதியிருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வரும்போது வயிறு நிறைய நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். என்ன செய்வது? சில நாள் மறந்தும் போகிறது. — வாசகர், பினாங்கு

பதில்: தம்பி, கடிகாரத்தை விடுங்கள், தூக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்போது தூங்கி எழுந்தாலும், அது காலை ஆறோ மாலை நாலோ, எழுந்ததும் முதல் வேலை மாத்திரை. அப்புறம் குளித்துக் கிளம்பினால் அரை மணி, முக்கால் மணி தானாகவே ஓடிவிடும். படுக்கப்போகும்போது சாப்பிடுவதும் நல்ல முறைதான், ஆனால் அதற்குக் கடைசிச் சாப்பாட்டிலிருந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிற உங்களுக்கு அது சரிப்படாது.

ஷிப்ட் மாறும்போது இரண்டு மாத்திரைக்கு நடுவே சில மணி நேரம் கூடுதலாகவோ குறைவாகவோ போனால் கவலைப்பட வேண்டாம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் எடுக்கும். ஒரு நாள் மறந்ததால் உடனே எதுவும் ஆகிவிடாததற்கும் அதுதான் காரணம். அன்றைக்கே நினைவு வந்தால், வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய மாத்திரையை மட்டும் சாப்பிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மறக்கிறது என்றால் அது வேறு விஷயம், டாக்டரிடம் சொல்ல வேண்டியது. கைப்பேசியில் அலாரம் வைத்தால் ஷிப்டுக்கு ஷிப்ட் மாற்ற வேண்டியிருக்கும், அதைவிட மாத்திரை அட்டையைத் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் போத்தலோடு வைத்துவிடுவது சுலபம். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலோ காரிலோ மட்டும் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இது கெட்டுப்போகும் மருந்து. அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் கொட்டி வைப்பதும் வேண்டாம்.

கேள்வி: நோன்பு மாதத்தில் எப்படிச் சாப்பிடுவது? சஹருக்கு எழுந்ததும் சாப்பாடு, பிறகு தண்ணீர்கூட இல்லை. போன வருடம் நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு சேர்த்துச் சாப்பிட்டேன், பெருநாள் முடிந்ததும் எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.எச். கூடியிருந்தது. — வாசகி, ஜார்ஜ் டவுன்

பதில்: நோன்பை விட வேண்டியதில்லை சகோதரி, மாத்திரையையும் விட வேண்டியதில்லை. இரண்டு வழி இருக்கிறது. பினாங்கில் ஏழரை மணி வாக்கில் நோன்பு திறக்கிறீர்கள், எட்டு மணிக்குள் சாப்பாடு முடிந்துவிட்டால், தராவீஹ் தொழுகை முடிந்து வந்து பதினொரு மணிக்குப் படுக்கும் முன் மாத்திரை. மூன்று மணி நேர இடைவெளி கிடைத்துவிடும். ஆனால் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பிறகு மோரே என்று பலகாரமும் பால் தேத்தண்ணீரும் தருவார்களே, அதைச் சாப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். அது முடியாது என்றால் இரண்டாவது வழி, சஹருக்குச் சமைக்க எழும்போதே தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உட்கார்ந்து சாப்பிடுவது. எது உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமோ அதையே மாதம் முழுக்கச் செய்யுங்கள், ஒரு நாள் இப்படி ஒரு நாள் அப்படி வேண்டாம். நோன்புக்கு முன்பே டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். இருதய நோய், இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சு இன்னும் முக்கியம், தைராய்டு மாத்திரையின் அளவு மாறினால் இனிப்பு நீர் மருந்தின் தேவையும் மாறலாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது, இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். தைராய்டுக்கு 25 மைக்ரோகிராம் கொடுத்திருந்தார்கள். மாத்திரை தீர்ந்துபோனதால் சித்தியிடமிருந்து ஓர் அட்டை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அதில் 100 என்று போட்டிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்கிறார். — வாசகர், செராஸ்

பதில்: ஐயா, உங்களுக்குப் பத்திரிகை வரும்வரை காத்திருக்க வைக்காமல் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். அந்த 100 மைக்ரோகிராம் மாத்திரையை இனி ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் உடனே 999. மாத்திரையை நிறுத்திவிட்டோமே, சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், மருந்து இன்னும் பல நாள் உடம்பில் இருக்கும்.

வயதானவர்களுக்கும் இருதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஹார்மோன் இருதயத்தை வேகமாக ஓடச் சொல்கிறது, இருதயத்துக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜனையும் கூட்டுகிறது. ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவரால் அதைத் தாங்க முடியாமல் போகலாம். இருதயத் துடிப்பு தாறுமாறாகிப் பக்கவாதம் வரைக்கும் போகலாம். நீண்ட நாள் அளவு கூடுதலாகவே சாப்பிட்டால் எலும்பும் தேயும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முக்கியமாக. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் இளகும் அளவு மாறும், அதையும் சோதிக்க வேண்டும்.

சித்தி நல்ல மனசோடுதான் கொடுத்தார். தைராய்டு மாத்திரைதானே, எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. 25-ம் 100-ம் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் சின்ன மாத்திரைதான், பெரிய வித்தியாசம் தெரியாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில், அட்டையில் உள்ள எண்ணைப் பிள்ளைகள் படித்துப் பார்த்துக் கொடுங்கள், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்தது வாங்கி வையுங்கள்.

கேள்வி: கல்யாணம் ஆனதிலிருந்தே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது கர்ப்பமாக இருக்கிறேன், ஆறு வாரம். குழந்தைக்கு ஆகாது, நிறுத்து என்கிறார் மாமியார். — வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வாழ்த்துகள் அம்மா. நிறுத்தவே கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் உங்களிடமிருந்துதான் போக வேண்டும், குழந்தையின் சுரப்பி அப்போது இன்னும் தயாராகவில்லை. நிறுத்தினால்தான் ஆபத்து, கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடும்.

சொல்லப்போனால் உங்களுக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியானதும் 20 முதல் 30 சதவீதம் கூட்டச் சொல்கிறது, வாரத்துக்கு ஏழு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒன்பது என்ற கணக்கில். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் முதல் கர்ப்பப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கும் தேதிவரை காத்திருக்காமல் இந்த வாரமே தாய் சேய் கிளினிக்குக்குப் போய், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் பாதிவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்ப்பார்கள். அங்கே தரும் இரும்புச்சத்து, ஓபிமின் போன்ற மாத்திரைகளில் இரும்பும் கால்சியமும் இருக்கின்றன, தைராய்டு மாத்திரை காலையில் என்றால் அவை மதியத்துக்குப் பிறகு. காலையில் வாந்தி அதிகம் இருந்தால் படுக்கும்போது சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரசவமானதும் பழைய அளவுக்குத் திரும்பச் சொல்வார்கள், ஆறு வாரத்தில் ரத்தம் எடுப்பார்கள். பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம்.

மாமியாரையும் ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் நல்லது, நர்ஸ் சொன்னால் கேட்பார்.

கேள்வி: டி.எஸ்.எச். நார்மலுக்கு வந்துவிட்டது, இனி நிறுத்தலாம் அல்லவா? ஒருவர் இணையத்தில் விற்கும் மூலிகை கேப்சூலைச் சாப்பிட்டால் தைராய்டு அடியோடு குணமாகும் என்கிறார். — வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நார்மலுக்கு வந்தது மாத்திரையால்தான் ஐயா. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறும். ஹாஷிமோட்டோ என்ற நோயால் சுரப்பி பழுதானவர்களுக்கும், அறுவை சிகிச்சையில் சுரப்பியை எடுத்துவிட்டவர்களுக்கும் பெரும்பாலும் இது வாழ்நாள் மருந்து. பிரசவத்துக்குப் பின் வந்த தைராய்டு அழற்சி போல ஒரு சிலவற்றில் சுரப்பி தானாகத் திரும்பும், அது எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். வாழ்நாள் முழுக்கவா என்று மனம் சோர்ந்து எழுதியிருக்கிறீர்கள். 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், இந்தக் குறைபாடு முற்றிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அதற்கு முன் இந்த நோய்க்கு நிலையான சிகிச்சை இல்லை. அந்தப் பெண் அதன் பிறகு 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். இன்றைக்கு நம் கையில் இருப்பது அளவு பிசகாத ஒரு சின்ன மாத்திரை, உடம்பு தானே சுரக்கும் அதே ஹார்மோன்.

அந்த கேப்சூல் விஷயம். மலேசியாவில் பதிவான எந்த மருந்துப் பெட்டியிலும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். இரண்டும் இல்லாததைத் தொடவே வேண்டாம். இருந்தாலும்கூட, பாரம்பரிய மருந்தாகப் பதிவானது என்றால் அது தைராய்டைக் குணமாக்கும் என்று அர்த்தமில்லை. கடற்பாசி, அயோடின் சேர்த்த சப்ளிமென்டுகள் ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு நிலைமையை இன்னும் மோசமாக்கலாம்.

கேள்வி: முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாப்பிடவே கூடாதா? — பல வாசகிகள்

பதில்: வேகவைத்துச் சாதாரண அளவில் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: அரசாங்க கிளினிக்கில் இந்த முறை வேறு நிறப் பெட்டியில் கொடுத்தார்கள். அண்ணன் சென்னையிலிருந்து வாங்கிவந்ததும் வீட்டில் இருக்கிறது. மாற்றி மாற்றிச் சாப்பிடலாமா? — வாசகி, கெப்போங்

பதில்: பெட்டியில் லெவோதைராக்சின் என்றும், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் எண்ணும் இருந்தால் கிளினிக்கில் கொடுத்ததைப் பயப்படாமல் சாப்பிடலாம். ஆனால் பிராண்டுக்குப் பிராண்ட் உறிஞ்சுதலில் சிறு வித்தியாசம் வரலாம், அதனால் மாறியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நடுநடுவே மாற்றுவதுதான் கூடாது. இந்தியாவில் 62.5, 88 என்று இங்கே பழக்கமில்லாத அளவுகளிலும் மாத்திரை கிடைக்கிறது, குழம்பிப்போகும். அண்ணன் வாங்கிவந்ததை மருந்தகத்தில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் தங்கைக்குத் தைராய்டு பிரச்சினை இல்லை, ஆனால் உடம்பு இளைக்க என் மாத்திரையைக் கேட்கிறாள். இன்னொன்று, முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறேன், அடுத்த வாரம் எனக்கு ரத்தப் பரிசோதனை. அன்றைக்கு மாத்திரை சாப்பிடலாமா? — வாசகி, சுங்கை பெசி

பதில்: தங்கைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சுரப்பி நன்றாக இருப்பவருக்கு வழக்கமான அளவில் இது எடையைக் குறைக்காது. குறையும்வரை கூட்டிக்கொண்டே போனால் இருதயம்தான் பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்தாகலாம். அவளுக்கு எடை ஏறுவது கவலையாக இருந்தால் முதலில் அவளுக்கும் ஒரு டி.எஸ்.எச். எடுத்துப் பார்க்கட்டும்.

பயோட்டினைக் கேட்டது நல்லதாகப் போயிற்று, இதைப் பலரும் ஆய்வகத்தில் சொல்வதே இல்லை. அது மாத்திரையின் வேலையைக் கெடுப்பதில்லை, பரிசோதனையைத்தான் குழப்புகிறது. சில கருவிகளில் டி.எஸ்.எச். உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவும், டி4, அதாவது ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன், கூடுதலாகவும் காட்டும். அதைப் பார்த்து, அளவு அதிகமாகிவிட்டது என்று மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது பயோட்டினை நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள், முடிக்கான மாத்திரைகளில் அளவு மிக அதிகமாக இருந்தால் இன்னும் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லலாம். பரிசோதனை அன்று காலையில் தைராய்டு மாத்திரையைக் கைப்பையில் எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த பிறகு தண்ணீரோடு சாப்பிடுங்கள். முன்பே சாப்பிட்டால் டி.எஸ்.எச். மாறாது, ஆனால் டி4 சில மணி நேரத்துக்குக் கூடுதலாகத் தெரியும். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பசியாறப் போகலாம்.